கப்பலில் வந்த பேய்

எங்கள் தெருவில் பேய்ப் படம் போட்ட பனியன் போடாத ஆள் அப்போது கிடையாது. மண்டையோடு, எலும்புக் கை, தீப்பிடித்த இறக்கை, வாயில் ரத்தம் ஒழுக நிற்கும் ஏதோ ஓர் உருவம் என்று கறுப்புத் துணியில் விதவிதமாக இருக்கும். பால் ஊற்ற வருகிறவர் மண்டையோட்டோடு வருவார். இஸ்திரிக்காரர் கொம்பு முளைத்த எலும்புக்கூட்டோடு நின்று தேய்ப்பார். யாரும் யாருடைய நெஞ்சையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. திருப்பூரில் பனியன் போடுவதற்குத்தானே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

அந்தப் பனியன்களில் பாதி எங்கள் வீட்டிலிருந்து போனவை. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். வெளிநாட்டில் ஹெவி மெட்டல் என்ற வகைப் பாட்டுப் பாடும் குழுக்களுக்காக வரும் ஆர்டர்களை அங்கேதான் அச்சடித்தார்கள். மை கொஞ்சம் தள்ளி விழுந்தாலோ, மண்டையோட்டுக்கு ஒரு பல் குறைந்தாலோ அந்தப் பீஸ் ரிஜெக்ட். மாமா அவற்றைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, முருகன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார். மற்ற நேரமெல்லாம் வேட்டிக்கு மேல் கறுப்புப் பனியன்தான். நெற்றி நிறைய விபூதி, நெஞ்சில் சங்கிலியால் கட்டிய பிசாசு.

அப்பா கம்பெனிச் சரக்கோடு தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் திருப்பூருக்குமாக அலைந்துகொண்டிருந்ததால் நானும் அம்மாவும் அப்புச்சி வீட்டிலேயே இருந்தோம். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அப்புச்சியின் நிட்டிங் மெஷின்கள் ஓடும். நூலை வாங்கித் துணியாகப் பின்னித் தள்ளும் வட்ட மெஷின்கள். அவை ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கும் கத்த வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே தொண்டை கொஞ்சம் பெரிது.

வருடக்கணக்கில் பேய்களை அச்சடித்துக்கொண்டே இருந்த மாமாவுக்கு, இவையெல்லாம் என்னதான் பாடுகின்றன என்று கேட்கும் ஆசை ஒருநாள் வந்துவிட்டது. ஒரு பனியனை எடுத்துக்கொண்டு, செல்போனில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்குப் போய் விரித்துக் காட்டினார். கடைக்காரர் அதிலிருந்த பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்ததையெல்லாம் மெமரி கார்டில் அள்ளிப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லாம் ஒரே பாட்டு. பாடியவர்கள் மட்டும் வேறு வேறு ஆட்கள்.

முதலில் வந்தது அசல். மாமா ஓர் இயர்போனைத் தன் காதிலும் இன்னொன்றை என் இடது காதிலும் வைத்தார். கிடார் ஒன்று தனியாக, மெதுவாக நடந்து வந்தது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் கூப்பிடுவதுபோல் ஒரு குரல். கூப்பிட்டுக்கொண்டே அது மேலே ஏறியது. மேலே வந்து சேர்ந்ததும் அலறியது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவன் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்பது மட்டும் புரிந்தது. இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

என் பயத்தைப் போக்கத்தான் மாமா மற்ற ஆட்கள் பாடியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தார். ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் தன் போக்கில் பாடுவதற்குக் கவர் என்று பெயராம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று இறைவணக்கம்போல் அதைப் பாடியிருந்தார்கள். ஒரு வயதான தம்பதி வயலினை வைத்துக்கொண்டு இருமி இருமிப் பாடியிருந்தார்கள். ஒருத்தர் அதை டப்பாங்குத்தாக மாற்றிவைத்திருந்தார். இன்னொருத்தர் அலற வேண்டிய இடத்தில் விக்கிவிட்டு, வெட்கப்படாமல் மேலே பாடினார். விழுந்து விழுந்து சிரித்தோம். தினமும் மாமா வேலை முடிந்து வந்ததும் எது உசத்தி, எது மட்டம் என்று சண்டை போடுவோம். எனக்குப் பள்ளிப் பிள்ளைகள்தான் முதல். மாமா அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தார்.

“பாடறவன் பயந்துக்கிட்டே பாடோணும் கண்ணு. இதுக எதுக்கும் பயமே இல்ல. பயமில்லாமப் பாடுனா அது வெறும் ஜெராக்ஸ்” என்றார்.

பிறகு அவரே பாடிப் பழக ஆரம்பித்தார். கொட்டகையின் பின்பக்கம் நூல் மூட்டைகள் அடுக்கும் சின்ன அறையில், மெஷின்கள் ஓடும்போது போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே அலறினால் வெளியே மெஷின் சத்தம்தான் கேட்கும். வீட்டில் இது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். நூல் மூட்டை மேல் உட்கார்ந்து அவர் பாடுவதற்கு மார்க் போடுவது என் வேலை. நன்றாக இருக்காது. அவருக்கும் பயமில்லை.

அந்த வருடம் மாமாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண், ஊத்துக்குளியில் கட்டிக்கொடுத்திருந்த அப்புச்சியின் தங்கை மகள். முறைப்பெண், தொட்டிலில் கிடக்கும்போதே முடிவான விஷயம். நான் பேசப் பழகியதிலிருந்தே அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் சிரிப்பாள். ஆனால் அவளுடைய அப்பா அறைக்குள் வந்தால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடுவாள். அவர் சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வெண்ணெய் வியாபாரி, கைகூடப் பூப்போல இருக்கும். இருந்தாலும் அவர் என் கன்னத்தைத் தட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும். ஏன் என்று தெரியாது.

ஒருநாள் அத்தை மட்டும் வெண்ணெய்த் தூக்குப்போசியோடு வந்தாள். நான் பள்ளிவிட்டு வந்தபோது அவளும் அம்மாவும் மாமாவும் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே நின்றிருந்தார்கள். அத்தை அழுதுகொண்டிருந்தாள். அவள் முழங்கைக்கு மேல் தோல் வெந்து சிவந்திருந்தது. அம்மா அதில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

“நெய் காய்ச்சையில தெறிச்சுப் போச்சு சாமி” என்று அத்தை சிரித்தாள். பார்த்துக் காய்ச்சக் கூடாதா என்று நான் பெரிய மனுஷியாகக் கண்டித்தேன்.

அதற்கடுத்த வாரம் வெற்றிலை பாக்கு மாற்ற ஊத்துக்குளியிலிருந்து அத்தையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்புச்சி அன்றைக்கு வெள்ளைச் சட்டை. வாசலில் நாற்காலி போட்டுப் பழத்தட்டெல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். கொட்டகையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கத்திக் கத்தி நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையை எங்கே காணோம் என்று அத்தையின் அம்மா கத்தினாள். குளிக்கிறான் என்று என் அம்மா கத்தினாள்.

அது தினமும் பல மணி நேரம் கரண்ட் போகும் காலம். எங்கள் பகுதிக்குப் பகல் பன்னிரண்டு மணி. அம்மா அதைப் பார்த்துத்தான் மாவாட்டுவாள், அப்புச்சி அதைப் பார்த்துத்தான் ஆட்களைச் சாப்பிட அனுப்புவார். பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகி நின்றன. எல்லாச் சத்தமும் அடங்கிய அந்த நேரத்தில், கொட்டகையின் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் நிற்காமல் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறி வந்து, அலறியது.

காபி டம்ளர் ஒன்று உருண்டது. “ஏனுங்கண்ணா, யாருங்க அது?” என்றாள் அத்தையின் அம்மா. கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். கறுப்புப் பனியன், அதில் வாய் பிளந்த மண்டையோடு, இரண்டு கைகளிலும் முழங்கை வரை சிவப்புப் பிரிண்டிங் மை. கண் செருகியிருந்தது. வந்தவர்கள் பக்கம் ஒவ்வொருவராகத் திரும்பினார். அத்தையின் அப்பாவிடம் வந்ததும் அவர் முகத்துக்கு நேராக இன்னொரு முறை அலறினார்.

மாமா மாட்டிக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன். நேரம் பார்க்காமல் பாடிவிட்டார், இப்போது சமாளிக்கத் தெரியாமல் நிற்கிறார். உதவலாம் என்று, “அது ஒண்ணுமில்லீங்க...” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் விரல்கள் என் தொடையைக் கிள்ளித் திருகின. உயிர் போனது.

“போன அமாவாசையில இருந்தே இப்படித்தானுங்க அத்தை” என்று அத்தையின் அம்மாவிடம் சொன்னாள் அம்மா. “உங்ககிட்டச் சொல்ல வாய் வரலீங்க.”

அம்மா பொய் சொல்லமாட்டாள். தேர்வில் நான் வாங்கிய மார்க்கைக்கூட அப்பாவிடம் குறைக்காமல் சொல்பவள். அப்படிப்பட்டவள் சொல்கிறாள் என்றால்? நான் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது பாட்டு இல்லையோ? அது நிஜமாகவே கிணற்றிலிருந்து ஏறி வந்து மாமாவுக்குள் இறங்கிவிட்டதோ? அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மாமா ஒரு காதில் கேட்டார். இன்னொரு காது என்னுடையது. அவருக்குள் பாதி இறங்கியிருந்தால் மீதிப் பாதி எங்கே போயிருக்கும்? என் இடது காதுக்குள் ஏதோ குறுகுறுத்தது.

அத்தையின் அப்பா பதறவில்லை. பழத்தட்டைத் துண்டால் மூடினார். “ஓட்டி உட்டுப் போட்டுப் பேசிக்கலாமுங்க மச்சான். வாக்கு வாக்குதான்” என்றார் மெதுவாக. பேய் இருக்கும் வரை கல்யாணம் இல்லை, போய்விட்டால் கல்யாணம். அதுதான் அன்றைக்கு முடிவானது. குண்டடத்துப் பக்கம் ஒரு கோடாங்கி இருக்கிறார், உடுக்கை அடித்து எப்பேர்ப்பட்ட பேயையும் இறக்கிவிடுவார் என்று அம்மா சொன்னாள். தானே போய் அழைத்து வருவதாகவும் சொன்னாள். மறுநாளே பஸ் ஏறினாள். அத்தை கொண்டுவந்த வெண்ணெயை உருக்கிய நெய்யையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள்.

கோடாங்கி வருவதற்குள் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. மாமா அறையை விட்டு வெளியே வரவில்லை. சோற்றுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஓடிவருவேன். கதவிடுக்கு வழியாகக் “கண்ணு” என்று மெல்லக் கூப்பிட்டார். பாட்டில் வருகிறவனும் அப்படித்தான் மெல்லக் கூப்பிட ஆரம்பிப்பான். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். பள்ளியில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னபோது எழுந்து வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தால் எது வரும் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் கோடாங்கி வந்தார். ஒல்லியான மனிதர். உடுக்கை, வேப்பங்குலை, ஒரு துணிப்பை. வாசலில் சாணி மெழுகிய இடத்தில் மாமாவை உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் மெஷின்கள் நின்றன. ஊத்துக்குளிக்காரர்கள் நாற்காலியில். அத்தை வரவில்லை. அப்புச்சி அவசரத்தில் கைக்குக் கிடைத்த பனியனைப் போட்டிருந்தார். நெஞ்சில் பிசாசோடு நின்றுகொண்டு, பிசாசை ஓட்டச் சொல்லி முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

உடுக்கை அதிர்ந்தது. “யாரு நீ? எந்த ஊரு? பேரைச் சொல்லு” என்று கேட்டார் கோடாங்கி. மாமா உடம்பை ஆட்டிக்கொண்டே இருந்தார். வேப்பங்குலை அவர் முதுகில் இறங்கியது. விளையாட்டு அடி இல்லை; இலைகள் பிய்ந்து பறந்து வெறும் குச்சிதான் மிஞ்சியது. கழுத்தில் வரி வரியாகத் தடித்தது. அத்தையின் அப்பா முன்னால் சாய்ந்து, கண் இமைக்காமல் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு கலப்படமா என்று பார்க்கும் வியாபாரியின் பார்வை.

அப்போது மாமா பாட ஆரம்பித்தார். அடிக்குரலில், மெதுவாக. நூல் மூட்டை அறையில் அவர் பாடியது மாதிரி இல்லை. குரல் ஒரு படி ஏறி, அடுத்த படிக்குப் போகப் பயந்து, பிறகு ஏறியது. தன் போக்கில் அடித்துக்கொண்டிருந்த கோடாங்கி தலையைச் சாய்த்துக் கேட்டார். மெல்ல மெல்ல அவருடைய உடுக்கை பாட்டின் பின்னாலேயே போனது. அலற வேண்டிய இடத்தில் மாமாவின் குரல் இரண்டாக உடைந்தது. உடைந்தபடியே அலறினார். அசல் பாடியவன்கூட இப்படிப் பாடவில்லை, இதுதான் முதல் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய உடனே, அப்படித் தோன்றியது நானா, எனக்குள் இருக்கும் அதுவா என்று நடுங்கிப்போனேன்.

மறுபடியும் குச்சி ஓங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. “அடிக்காதீங்க! அது பாட்டு...” என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயிலேயே அறைந்தாள். அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே இல்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கோடாங்கி திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“கொழந்தைக்கும் காத்து பட்டிருக்குதுங்க. உள்ள கூட்டிட்டுப் போங்கம்மா” என்றார்.

ஆக எனக்குள்ளும் இருந்தது. கோடாங்கியே சொல்லிவிட்டார். சமையலறை மூலையில் அம்மா என்னை மடியில் இறுக்கி, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பும் நடுங்கியது. என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே கோடாங்கி தீர்ப்புச் சொல்வது கேட்டது.

“இது நம்ம பக்கத்துப் பேயில்லீங்க. பாஷை கேட்டீங்கல்ல? கப்பல்ல வந்திருக்குது. என் உடுக்கைக்குக் கட்டுப்படாது. ஆளைக் கொல்லாதுங்க, இருந்துட்டுப் போகட்டும். ஆனா இந்தப் பையன் ஒரு பொண்ணு கழுத்துல தாலி கட்டுனா, பொண்ணு மேலதான் பாயும். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாக்கு வாக்குதான் என்று சொன்ன மனிதர் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரும் எதற்கோ பயப்படுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அப்புச்சி வீட்டில் இருந்த பேய்ப் பனியன்களையெல்லாம் வாசலில் குவித்துக் கொளுத்தினார். அவர் போட்டிருந்த பனியன் மட்டும் தப்பித்துவிட்டது. வெளுத்துப் போயிருந்ததால் அதைப் பேய்க் கணக்கில் அவர் சேர்க்கவில்லை போலிருக்கிறது. மாமா மறுபடியும் பட்டறைக்குப் போனார். செல்போனை என் பக்கம் நீட்டவே இல்லை. வெகுகாலம் அவருக்கு யாரும் பெண் தரவில்லை. பேய்க்காரன் என்று தெருவில் பிள்ளைகள் ஓடி ஒளிந்தபோது அவர் சும்மா சிரிப்பார். எனக்கு மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினார்கள். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணி நெருங்கும்போது, மெஷின்கள் நின்றதும் என் வாயிலிருந்து அந்தக் குரல் வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அத்தை, என் கல்யாணத்துக்கு வந்தபோது இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். அவள் கையில் இருந்தது நெய் தெறித்த புண் இல்லையாம். கூடப் படித்த பையனோடு பேசியது தெரிந்து அவள் அப்பா கரண்டியைக் காய்ச்சி வைத்த சூடு. அந்தப் பையன் வீட்டார் தெற்கே இருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். கல்யாணம் வேண்டாமென்று அத்தை வாயைத் திறந்தாலோ, மாமா மறுத்து அதற்குக் காரணம் தேடப்பட்டாலோ, அவளை அவள் அப்பா உயிரோடு விட்டிருக்க மாட்டார். யார் மேலும் பழி விழாமல் கல்யாணம் நிற்க வேண்டும். துவைக்கிற கல்லருகே மூன்று பேரும் அதைத்தான் பேசியிருக்கிறார்கள். பேய் பிடித்த மாப்பிள்ளை என்று சொன்னது மாமா. பன்னிரண்டு மணி என்று சொன்னதும், கோடாங்கியிடம் போய்ப் பேசி வைத்ததும் அம்மா. அந்தப் பையன்தான் இப்போது அத்தையின் வீட்டுக்காரர். “உங்க மாமா அன்னிக்கு ஒரு எடத்துல சிரிச்சிருந்தாலும் நான் இன்னிக்கு இல்ல கண்ணு” என்றாள்.

ஆனால் அந்த வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. கோடாங்கி வந்து போய்ச் சில மாதம் ஆகியிருக்கும். லீவு நாள். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய் மெஷின்கள் நின்றன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. சமையலறையிலிருந்து வந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, வார்த்தையில்லாமல், தாலாட்டுப்போல மெதுவாக அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். ஓர் இடம்கூடத் தவறவில்லை. அலற வேண்டிய இடத்தில் மட்டும் குரலை ஏற்றாமல் மூச்சை விட்டாள்.

நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன். அது அம்மாவையும் பிடித்துவிட்டது என்று அழுதேன்.